வகுப்பாசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு, எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறை இணையதளத்தில் வருகை ஏற்றுவதிலிருந்து விலையில்லா நோட்டுப் பட்டியலில் கையெழுத்து வாங்குவது வரை எல்லாவற்றையும் யாராவது ஒருவர் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றாவது பீரியடில் திடீரென்று தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஸ்டாஃப் ரூமில் கேட்டால் "வயசுக் கோளாறு, விடுங்க சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை வகுப்பாசிரியர் பொறுப்பு ஏற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும்தான் என் மனதில் இருப்பவை. தனியார் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

உங்கள் வேலை வைத்தியம் பார்ப்பது அல்ல. கவனிப்பது, காது கொடுத்துக் கேட்பது, சரியான ஆளிடம் கொண்டுசேர்ப்பது, இவ்வளவுதான். "இவளுக்கு டிப்ரஷன்", "அவன் ஹைப்பர்" என்று பெயர் சூட்ட நமக்குப் படிப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் கவனிப்பதற்கு நம்மைவிட நல்ல இடத்தில் யாரும் இல்லை. ஒரு பிள்ளையை வாரத்தில் ஐந்து நாள், முழுப்பகலும் பார்க்கிற பெரியவர்கள் நாம்தான். பல வீடுகளில் அப்பா அம்மாவுக்குக்கூட அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் சராசரியாக மூன்று பேர். உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: எண்களும் ஆட்களும்

பிரச்சினை வந்த பிறகு எண் தேடக்கூடாது. பாடக்குறிப்பேட்டின் பின்னட்டையில் இவற்றை எழுதி வைத்துவிடுங்கள்.

14416: டெலி-மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரும் உண்டு. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை. "என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை, அடுத்து நான் என்ன செய்யட்டும்?" என்று ஆசிரியரும் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது.

1098: குழந்தைகளுக்கான அவசர உதவி எண். அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமணம், வீட்டைவிட்டு ஓடிப்போனது எல்லாவற்றுக்கும்.

14417: பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்.

044-24640050: சினேகா. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையம்.

அடுத்தது ஆட்கள். எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மருத்துவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்தக் கிழமை ஓ.பி. பார்க்கிறார், உங்கள் பக்கத்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வையுங்கள். கூலி வேலைக்குப் போகும் ஒரு அம்மாவிடம் "ஜி.எச். போங்கம்மா" என்று பொதுவாகச் சொன்னால் போகமாட்டார். "புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, இன்ன நம்பர் ரூம், இன்ன டாக்டர், காசு கிடையாது" என்றால் போவார். சென்னையில் உள்ளவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. பேச்சு, கற்றல், வளர்ச்சி சம்பந்தப்பட்ட சிக்கல் என்றால் மாவட்ட இடையீட்டு சேவை மையம். இவற்றோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு உள்ளேயே யார் இருக்கிறார்கள்? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஊழியர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. உத்தரவு ஒன்று, நடப்பு வேறு. பல பள்ளிகளில் 'கவுன்சலர்' என்றால் எப்போதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியர்தான். ஆனால் எந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் தாங்களாகவே தேடிப்போய்ப் பேசுகிற ஆள் ஒருவர் இருப்பார். அது பி.டி. மிஸ்ஸாக இருக்கலாம், சத்துணவு அக்காவாக இருக்கலாம், கூட்டிப் பெருக்க வரும் ஆயாவாகக்கூட இருக்கலாம். அவர் யார் என்று கண்டுபிடித்து அவரோடு நல்லபடியாகப் பழகிக்கொள்ளுங்கள். பாதி விஷயம் அவர் வழியாகத்தான் உங்களுக்கு வரும்.

பிள்ளைகள் தங்கள் குறைகளைச் சீட்டில் எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். ஹெச்.எம். அறை வாசலில் எல்லோர் கண்ணெதிரேயும் மாட்டியிருந்தால் அதில் ஒரு சீட்டும் விழாது. மாடிப்படித் திருப்பத்திலோ, பெண்கள் கழிப்பறைக்குப் போகிற வழியிலோ மாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வருகைப் பதிவேட்டைப் படிப்பது

பதிவேட்டில் 'ஆ' போடுவதோடு நிறுத்தாமல், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நிமிடம் அதைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். திங்கள்தோறும் வராத பிள்ளை, கணக்கு டெஸ்ட் நாளில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளை, பி.டி. பீரியட் இருக்கும் நாளில் லீவு போடும் பையன், நன்றாக வந்துகொண்டிருந்துவிட்டு ஒரு தேதியிலிருந்து சட்டென்று நின்றுபோனவன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. எல்லாமே மனநலக் காரணமாகவும் இருக்காது. மாதம் மூன்று நாள் தவறாமல் வராத பெண்ணுக்குத் தேவைப்படுவது ஆலோசகர் அல்ல, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. காலை இரண்டாவது பீரியடிலேயே எரிந்துவிழுகிற ஆறாம் வகுப்புப் பையனிடம் முதலில் கேட்க வேண்டியது "காலைல என்ன சாப்பிட்ட?" என்பதுதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் உண்டு.

பதிவேட்டுக்கு வெளியே என்ன பார்ப்பது? மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். அந்தப் பிள்ளையை அதே பிள்ளையோடு, போன மாதம் இருந்த மாதிரியோடு ஒப்பிடுங்கள். வாயாடிப் பெண் பேச்சை நிறுத்தினால் கவனிக்க வேண்டும். முதலிலிருந்தே பேசாதவள் இன்றும் பேசவில்லை என்றால் அது அவள் சுபாவமாக இருக்கலாம். கையெழுத்து குலைவது, முதல் பீரியடிலேயே தூங்கிவிழுவது, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவது, கூட்டாளிகளை விட்டு விலகி உட்காருவது, ஆசையாக வைத்திருந்த பேனாவையும் வாட்சையும் சும்மா தூக்கிக் கொடுப்பது. மே மாத வெயில் மாதிரி அடிக்கும்போதும் சட்டையின் முழுக்கையை மடிக்காமல் இருக்கிற பிள்ளையின் மணிக்கட்டில் காம்பஸ் முனையால் போட்ட கீறல்கள் இருக்கக்கூடும். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கமும் நிறையச் சொல்லும். ஆனால் அதைத் திருட்டுத்தனமாகத் திறக்காதீர்கள். திருத்தும்போது தானாகக் கண்ணில் பட்டால் போதும்.

சத்தம் போடுகிறவன் எப்படியும் நம் கண்ணில் பட்டுவிடுவான். எழுபது மார்க் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், நடு வரிசையில் இருக்கும் பிள்ளைதான் ஆண்டு முழுவதும் நம் பார்வையிலிருந்து தப்பிவிடும். மாதம் ஒருமுறை வகுப்புப் பட்டியலை எடுத்து, "இந்த மாதம் இந்தப் பிள்ளையோடு பாடம் தவிர ஒரு வார்த்தையாவது பேசினேனா?" என்று ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். டிக் விழாத பெயர்கள் யாருடையவை என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு வந்தும் வரி கூட்டிப் படிக்க முடியாத பையனை 'மக்கு' என்று ஒதுக்குவதற்கு முன், கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று பரிசோதிக்க அனுப்புங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழ் வேலையை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பு ரிவிஷன் சமயத்தில் ஓடினால் நடக்காது. "நான் முட்டாள் இல்லையா மிஸ்?" என்று கேட்கிற பிள்ளையின் பாதி மனச்சுமை அந்தச் சான்றிதழோடு இறங்கிவிடும்.

பேச்சை எடுப்பது

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு எல்லாவற்றையும் மூன்று சொல்லில் சுருக்கிவிடுகிறது: பார், கேள், இணை. முதலாவதைச் சொல்லிவிட்டேன். நம்மில் பலர் தடுமாறுவது இரண்டாவதில்தான். கேட்கச் சொன்னால் நாம் புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவோம். தொழில் பழக்கம்.

இடம்: நாலு பேர் பார்க்கும்படி, ஆனால் யார் காதிலும் விழாதபடி. வராந்தா மூலை, வேப்பமரத்தடி, கதவு திறந்த நூலகம். பெண் பிள்ளையோடு பேசும் ஆண் ஆசிரியர் கூப்பிடு தூரத்தில் ஒரு மிஸ்ஸை இருக்கச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "நீ மட்டும் இன்டர்வெல்ல வந்து என்னைப் பாரு" என்று சொல்லாதீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் வகுப்பே காரணம் கண்டுபிடித்துவிடும்.

"என்னடா பிரச்சினை உனக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள்:

"தம்பி, இந்த வாரம் ரெண்டு நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வச்சிருந்ததைப் பார்த்தேன். உடம்புக்கு ஏதாவதா, இல்ல மனசுக்குக் கஷ்டமா?"

"ஒண்ணுமில்ல சார்."

"சரிப்பா. இப்பவே சொல்லணும்னு இல்ல. வியாழக்கிழமை நாலாவது பீரியட் எனக்கு ஃப்ரீ. லைப்ரரிலதான் இருப்பேன்."

வியாழக்கிழமை நாலாவது பீரியடில் நீங்கள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும். சப்ஸ்டிடியூஷன் போட்டுவிட்டார்கள் என்றால், போகிற வழியில் அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவன் வராமலும் போகலாம். ஆனால் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்துவிட்டுப் போவான். அடுத்த வாரம் வருவான்.

பேசத் தொடங்கிவிட்டால் குறுக்கே போகாதீர்கள். நடுவில் விழும் மௌனத்தை நிரப்ப வேண்டியதில்லை. சில வாக்கியங்கள் நம் நாக்கு நுனியிலேயே நிற்கும், அவற்றை விழுங்கிவிடுங்கள்: "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?", "நாங்க படிச்ச காலத்துல...", "ஸ்ட்ராங்கா இருக்கணும்". எல்லாவற்றையும்விட மோசமானது "உங்கம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படறாங்க தெரியுமா?" என்பது. அது அந்தப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். தன்னால்தான் அம்மாவுக்குக் கஷ்டம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அதை உறுதிப்படுத்திவிடுகிறோம்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?" என்ற கேள்வி வந்தே தீரும். சத்தியம் செய்யாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "நீ சொல்றதை ஸ்டாஃப் ரூம்ல பேச மாட்டேன்மா. ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா, அதைத் தடுக்கக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். அப்பவும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இந்த நிபந்தனையைக் கேட்டுவிட்டும் பெரும்பாலான பிள்ளைகள் பேசுவார்கள்.

முதல் பாதி வாக்குறுதியைக் காப்பாற்றுவதுதான் கடினம். டீ டம்ளரோடு உட்கார்ந்து "நம்ம ஒன்பது பி-ல அந்தப் பொண்ணு வீட்டுல என்ன நடக்குதுன்னா..." என்று ஒருவர் தொடங்கினால், மறுநாள் அது டியூஷன் சென்டர் வரை போய்விடும். பிள்ளை தன் கதையைப் பிறர் வாயில் கேட்ட அன்றோடு உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடும், வேறு எந்த ஆசிரியரிடமும் பேசாது. ஆசிரியர் வாட்ஸாப் குழுவில் எழுதவே கூடாது.

பேசி முடித்த பிறகு, உங்களுக்கான ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன பார்த்தீர்கள், பிள்ளை சொன்ன சொல் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், அவ்வளவு போதும். உங்கள் ஊகம் வேண்டாம். நோட்டு பூட்டிய மேஜையில் இருக்கட்டும்.

எதற்குக் காத்திருக்கலாம், எது இன்றைக்கே

நட்பு முறிவு, டெஸ்ட் பயம், வீட்டில் சண்டை என்று பிள்ளை சொல்லி அழுதுவிட்டு, சாப்பிட்டு, தூங்கி, விளையாடிக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, படிப்பு மூன்றும் கெட்டுக்கொண்டே போனால் பெற்றோரிடம் பேசி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். உடம்பில் கீறல், சாவைப் பற்றிய பேச்சு, காதில் குரல் கேட்கிறது என்பது, திடீரென்று ஆளே மாறி நடந்துகொள்வது, பாலியல் தொல்லை: இவற்றுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. மணி அடிப்பதற்குள் அடுத்த ஆளிடம் விஷயம் போயிருக்க வேண்டும்.

சாவைப் பற்றிப் பேசினால்

"நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒரு பிள்ளை சொன்னால், அல்லது நோட்டில் எழுதினால், நேரடியாகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாம்மா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒருவராவது நேராகக் கேட்டாரே என்று பிள்ளைக்கு ஆசுவாசம்தான் வரும். "ஆமா" என்றால் பதறாமல் அடுத்ததையும் கேளுங்கள்: எப்போதிலிருந்து தோன்றுகிறது, எப்படி என்று யோசித்துவைத்திருக்கிறாளா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா. யோசித்துவைத்திருந்தால் ஆபத்து மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் வெளியே ஒரு மிஸ் நிற்கட்டும். ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள். பெற்றோரைப் போனில் அழையுங்கள். அவர்கள் வரும்வரை 14416க்குப் பேசி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தோழியோடு பஸ் ஏற்றி அனுப்புவது கூடவே கூடாது; பதினான்கு வயதுத் தோழியால் சுமக்க முடிகிற பாரம் அல்ல அது. பெற்றோர் கையில் நேரில் ஒப்படைத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மாத்திரைகளைப் பூட்டிவைக்கவோ வேறு வீட்டுக்கு மாற்றவோ சொல்லுங்கள். விவசாயக் குடும்பம் என்றால் இதை இரண்டு முறை சொல்லுங்கள். அந்த ஒரு கணத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். கைக்கெட்டாத தூரத்தில் வைப்பது எவ்வளவோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

சில பள்ளிகளில், "இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்று பிள்ளையிடமும் பெற்றோரிடமும் எழுதி வாங்குகிறார்கள். அந்தக் காகிதம் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றலாம், பிள்ளையைக் காப்பாற்றாது. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பெற்றோர் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே அதன் 115ஆம் பிரிவு கருதுகிறது. தண்டனை கிடையாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை.

சிகிச்சை முடிந்து அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கம்போல "வாம்மா, உட்காரு" போதும். கேள்வியும் வேண்டாம், விசேஷ வரவேற்பும் வேண்டாம். விட்டுப்போன நோட்ஸ் முழுவதையும் ஒரே வாரத்தில் எழுதி முடிக்கச் சொல்லாதீர்கள். எது அவசியமோ அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம். மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை வகுப்பில் கண் அசந்தால் எழுப்பி நிற்கவைக்காதீர்கள்.

போக்சோ: இங்கே நமக்கு யோசிக்க இடமில்லை

பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளை சொன்னால், அல்லது உங்களுக்கே சந்தேகம் வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 வழியாகவும் உதவி பெறலாம். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைமையில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை. "பொண்ணு பேரு கெட்டுடும்", "ஸ்கூல் பேரு கெட்டுடும்", "அந்த சார் ரிட்டயர்டு ஆகப்போறாரு" என்று யார் சொன்னாலும் சரி. பள்ளிக்குள் கூப்பிட்டுப் பஞ்சாயத்துப் பேசுவதும், இருவரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பதும் சட்டப்படியும் தவறு, அந்தப் பிள்ளைக்குச் செய்கிற இரண்டாவது கொடுமையும்கூட.

திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். ஒருமுறை கேட்டது போதும். அதன் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "நீ சொன்னது நல்லதுமா. உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரோ அடையாளமோ வெளியே போகக்கூடாது.

பெற்றோரை அழைப்பது

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள வரணும்" என்பதே பிள்ளைக்கு ஒரு தண்டனை. செய்தியைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே போன் செய்யுங்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்குப் பகலில் வருவது ஒருநாள் சம்பளம் போவது என்பதை மனதில் வைத்து, சாயங்காலமோ காலை எட்டரைக்கோ வரச்சொல்லுங்கள். நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் பள்ளிக்கு வரும்போதெல்லாம் நின்றுகொண்டே திட்டு வாங்கிய பெற்றோர் நிறையப் பேர்.

பிள்ளையிடம் உள்ள நல்லதைச் சொல்லித் தொடங்குங்கள், பொய்யாக அல்ல. பிறகு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். 'மனநோய்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். "ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல போல, ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம்ங்க" என்றால் போதும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் நீங்களாக மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக முடியாது, அதனால் அவர்களை நம் பக்கம் கொண்டுவருவதுதான் வேலையே. வீட்டில் அடிப்பார் என்று தெரிந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அத்தையோ பாட்டியோ யார் நம்பிக்கையானவர் என்று முதலில் பிள்ளையையே கேளுங்கள்.

"காத்துக்கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுட்டு வர்றோம்" என்று சொல்வார்கள். சிரிக்காதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். "கோயிலுக்கும் போயிட்டு வாங்க, டாக்டரையும் பார்த்துட்டு வாங்க" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஏர்வாடி தர்காவில் அரசே 'தவா-துவா' என்று மருந்தையும் பிரார்த்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சிகிச்சை கொடுக்கிறது.

வகுப்பறையில் நாமே உண்டாக்கும் வலி

பிள்ளைகளின் மனச்சுமையில் ஒரு பங்கு வீட்டிலிருந்து வருவதில்லை, நம் கரும்பலகைப் பக்கத்திலிருந்து வருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. மார்க் குறைந்தவர்களைத் தனி வரிசையில் உட்காரவைப்பது, விடைத்தாளை மார்க் சொல்லிக்கொண்டே தூக்கிப்போடுவது, 'ஸ்லோ லேர்னர்' என்று முகத்துக்கு நேரே அழைப்பது எல்லாம் அதில்தான் வரும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017லேயே நம் அரசு நிறுத்திவிட்டது. நம் வகுப்பறைச் சுவரில் மட்டும் ஏன் இன்னும் ரேங்க் லிஸ்ட் தொங்க வேண்டும்?

சாதி இன்னொன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வைத்து சக மாணவர்களால் வெட்டப்பட்டார்கள். அந்தப் பையன் அதற்கு முன் பள்ளிக்கு வராமல் இருந்தான். சாதியைச் சொல்லித் தொல்லை கொடுத்தவர்கள் யார் என்று சொன்ன பிறகுதான் தாக்குதல் நடந்தது. வருகைப் பதிவேட்டில் தெரிந்ததைப் பின்தொடர்ந்து கேட்பது முதல் படி மட்டுமே. பெயரைச் சொன்ன பிள்ளை அன்று மாலை எப்படிப் பாதுகாப்பாக வீடு போகிறது, இரவு யார் துணை என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டுத்தான் புகார் எழுதி வாங்க வேண்டும். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்களின் சாதி விவரம் வருகைப் பதிவேட்டில் இருக்கக்கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்துக் கேட்கக்கூடாது, சாதியைக் காட்டும் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. "எஸ்சி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்" என்று வகுப்பில் குரல் கொடுக்கும் வழக்கத்தை உங்கள் அளவில் நாளையிலிருந்தே நிறுத்திவிடலாம். இதற்கு எந்த அரசாணையும் வர வேண்டியதில்லை.

ரிசல்ட் நாள்

பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் பள்ளி மூடியிருக்கும், நாம் லீவில் இருப்போம். இருந்தாலும் அன்று காலை கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும்: தோற்கக்கூடும் என்று பயந்தவர்கள், ஜெயித்தாலும் நினைத்த மார்க் வராவிட்டால் உடைந்துபோகிறவர்கள். முடிவு வந்ததும் முதலிடம் பிடித்தவரை வாழ்த்துவதற்கு முன் இவர்களுக்குப் போன் செய்யுங்கள். பெரிய வசனம் எதுவும் தேவையில்லை. "துணைத் தேர்வுக்கு எப்ப அப்ளை பண்ணணும்னு நான் பார்த்துச் சொல்றேன். இந்த வருஷமே சேர்ந்துடலாம்" என்று அடுத்த வழியைக் காட்டினால் போதும். பிள்ளை போனை எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போன் செய்து, அது எங்கே இருக்கிறது, யாருடன் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒருவேளை உங்கள் பள்ளியிலேயே ஒரு மாணவர் இறந்துவிட்டால், காலை பிரேயரில் எப்படி இறந்தார் என்று விவரிக்காதீர்கள். அவர் படத்தை மாலை போட்டு நாள்கணக்கில் வைத்திருப்பதும், "தியாகம்", "முடிவைத் தேடிக்கொண்டார்" என்று பேசுவதும் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் அவரவர் வகுப்பாசிரியரே சுருக்கமாகச் செய்தியைச் சொல்லி, அழுகிறவர்களை அழவிட்டு, நெருங்கிய தோழர்களையும் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்த சில வாரங்கள் அவர்கள் வருகையை நாள்தோறும் பாருங்கள்.

ஜூன்

கோடை விடுமுறை முடிந்து வகுப்பு மாறும்போது நாம் கவனித்துவந்த பிள்ளைகள் இன்னொருவர் கைக்குப் போவார்கள். மார்க் ரிஜிஸ்டரை ஒப்படைக்கும் அன்றே புதிய வகுப்பாசிரியரோடு பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். நோட்டை அப்படியே கொடுக்காதீர்கள். எந்தெந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும், எதைச் செய்தால் பேசும், எதைச் செய்தால் மூடிக்கொள்ளும், மாத்திரை சாப்பிடுகிறதா, அடுத்த ஓ.பி. எந்தக் கிழமை, வீட்டில் யாரிடம் பேசலாம் என்பதை மட்டும் வாயால் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடமும் போய், "உன்னைக் கவனிச்சுக்கணும், மாத்திரை சாப்பிடற, அடுத்த ஓ.பி. எப்ப, வீட்டுல யார்கிட்ட பேசலாம்னு மட்டும் புது மிஸ்கிட்ட சொல்லியிருக்கேன்மா, நீ என்கிட்ட சொன்ன கதை எதையும் சொல்லல" என்று என்ன சொன்னீர்களோ அதை அப்படியே தெரியப்படுத்திவிடுங்கள்.